காலி செய்த அறையில் யார் குடியிருப்பது?



தலைப்பைப் பார்த்து ஏதோ ஆழமான சத்தியம் வரப்போகிறது என்று நினைத்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதப் பாடம் வீட்டைப் பெருக்கித் துடைத்து வைக்கிறதைப் பற்றியது. உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதிருங்கள். சகோதரிகள் கூடுகை முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்து நிறுத்தி அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான்: "அக்கா, பரண்ல கிடந்ததை எல்லாம் இறக்கி, வேண்டாததைப் போட்டுட்டு, வீட்டைப் பளிச்சுன்னு ஆக்கிடறேன். ரெண்டு மாசம்தான். திரும்பவும் பழையபடி ஆயிடுது. நான் என்னதான் செய்யட்டும்?"

வேண்டாததை எடுத்துப் போடச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒதுங்க வைத்த வீட்டை அப்படியே காப்பது எப்படி? அதற்கு வேதத்தில் ஒரு அதிகாரமே இருக்கிறது. நெகேமியா 13-ம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தொபியாவின் தட்டுமுட்டு

நெகேமியா எருசலேமின் அலங்கத்தைக் கட்டி முடித்து, அர்தசஷ்டாவின் 32-ம் வருஷத்தில், அதாவது கி.மு. 433 வாக்கில், ராஜாவிடத்துக்குத் திரும்பிப் போயிருந்தான். இங்கே எருசலேமில் எலியாசிப் என்னும் ஆசாரியன் ஆலயத்தைச் சேர்ந்த பெரிய அறை ஒன்றைத் தன் சம்பந்தக்காரனான தொபியாவுக்குக் கொடுத்துவிட்டான். அந்த அறை முன்பு எதற்கு இருந்தது? காணிக்கையும் தூபவர்க்கமும் லேவியருக்கான தானியமும் எண்ணெயும் வைக்கிற இடம். இப்போது அங்கே தொபியாவின் வீட்டுச் சாமான்! நெகேமியா திரும்பி வந்தான், பார்த்தான், மனம் நொந்தான், அத்தனையையும் தூக்கி வெளியே எறிந்தான்.

இதுவரைக்கும் நாமும் செய்கிறோம். கோபம் வந்தால் இன்னும் வேகமாகவே செய்கிறோம்!

ஆனால் அடுத்து வருவதைக் கவனியுங்கள். எறிந்த பிறகு அறையைச் சுத்தம்பண்ணச் சொன்னான். அந்த அறைக்கு உரிய பொருட்களைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான் (வச. 9). பிறகு விசாரித்தான். லேவியருக்குச் சேரவேண்டிய பங்கு வரவில்லை, அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வயல்களுக்குப் போய்விட்டார்கள் என்று கண்டுபிடித்தான் (வச. 10). தானியம் வருவது நின்றுபோனால் தானிய அறை சும்மாதானே கிடக்கும்? சும்மா கிடக்கிற அறையைத்தான் உறவுக்காரனுக்குக் கொடுக்கத் தோன்றும். தானியம் திரும்ப வரத் தொடங்கியதும் அறைகளுக்குப் பொறுப்பாக நாலு பேரை வைத்தான் (வச. 13). அதே அதிகாரத்தில் இன்னொரு காரியத்துக்காக, ஓய்வுநாளில் சுமை உள்ளே வராதபடி நகர வாசலில் தன் ஆட்களை நிறுத்தினான் (வச. 19).

எறிந்தது ஒரே வசனம். மற்றதெல்லாம் திரும்ப நிரம்பாதபடி பார்த்துக்கொண்ட வேலை.

தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற தம்பிமார் "ஃபைவ் எஸ்" என்று சுவரில் எழுதிப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியர் உண்டாக்கின முறை. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஐந்து வார்த்தைகள். வேண்டாததைப் பிரித்து அகற்றுவது முதல் வார்த்தை மாத்திரம். வேண்டியதை அதனதன் இடத்தில் வைப்பது இரண்டாவது, துடைப்பது மூன்றாவது. கடைசி இரண்டும் அந்த ஒழுங்கை வழக்கமாக்கிக் கைவிடாமல் நடத்துவதைப் பற்றியவை. நெகேமியாவின் கணக்கும் ஏறக்குறைய அதுதான்.

(பெருக்கிக் காலியாய் விடப்பட்ட வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்னது மத்தேயு 12-ல் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். அது மனுஷனின் உள்ளத்தைப் பற்றியது. அதை எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பொருத்தி உபதேசம் உண்டாக்க எனக்கு மனதில்லை.)

"இங்க இடம் கிடக்கே"

எங்கள் ஊரில் ஒரு சகோதரி. அவர்கள் சொல்லித்தான் இதை எழுதுகிறேன், பேர் மட்டும் வேண்டாம் என்றார்கள். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இரண்டு பையன்கள், வயதான மாமியார். இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள வீடு. வியாழக்கிழமை வீட்டு ஜெபம் ஒவ்வொரு வீடாய்ச் சுற்றி வரும். இவர்கள் முறை வரும்போதெல்லாம், "அத்தைக்கு உடம்பு முடியல, அடுத்த மாசம் வச்சுக்கலாம் அக்கா" என்பார்கள். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. யாரும் போகாத வீடாய் ஆகிவிட்டது. ஒரு நாள் கூடுகை முடிந்து எல்லாரும் போன பிறகு, தலை கவிழ்ந்துகொண்டு சொன்னார்கள்: "அக்கா, உங்களை எல்லாம் உட்கார வைக்க எங்க வீட்ல இடமில்லை. வாசல் வரைக்கும் சாமான். யாராவது கதவைத் தட்டினா நெஞ்சு படபடன்னு அடிக்குது."

இந்த வெட்கம் சாதாரணமானதல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தில் 30 தம்பதிகளை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2010-ல் வெளியானது. தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அடைசல் என்றும், முடியாத வேலை என்றும் அதிகமாய்ச் சொன்ன மனைவிமாருக்கு, காலையில் உயர்ந்து மாலைக்குள் தணியவேண்டிய கார்ட்டிசால் என்னும் சுரப்பு சரியாய்த் தணியவில்லை. மனச்சோர்வும் பொழுது போகப்போக ஏறியது. படித்தபோது எனக்கு இந்தச் சகோதரியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இப்படிப்பட்டவர்களிடம் போய், "பரிசுத்தத்துக்கு அடுத்தது சுத்தம்னு வேதத்துல போட்டிருக்கு" என்று குத்திக்காட்டுகிறவர்கள் உண்டு. வேதத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது! 18-ம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி உடையைப் பற்றின ஒரு பிரசங்கத்தில் எடுத்துச் சொன்ன வார்த்தை அது.

மே மாதம் இரண்டு சனிக்கிழமை ஐந்து பேராய்ப் போனோம். பழைய பேப்பர்காரர் தள்ளுவண்டியோடு மூன்று நடை வந்துபோனார். ஓடாத தையல் மிஷின், கால் ஒடிந்த நாற்காலி, எண்ணெய்ப் பிசுக்கேறிய டப்பாக்கள், எலி கடித்த மெத்தை எல்லாம் போயிற்று. ஜூன் மாதம் அந்த வீட்டில் ஜெபம் நடந்தது. பதினான்கு பேர் உட்கார்ந்தோம். அந்த அம்மா, மாமியாருந்தான், பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அக்டோபர் மாதம் முறை வந்தது. "அடுத்த மாசம் வச்சுக்கலாம் அக்கா..."

இந்தத் தடவை நான் மட்டும் தனியே போனேன். தரையில் கொஞ்சம் இடம் ஒதுக்கி உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வி கேட்டேன்: "இந்த வீட்டுக்குள்ள முதல்ல வந்த சாமான் எது, எங்க வச்சீங்க?" ரொம்ப நேரம் யோசித்தார்கள். பிறகு, "தையல் மிஷின் இருந்த மூலைக்கா. அது காலியாத்தானே கிடந்துச்சு. எங்க கொழுந்தன் வீடு மாத்தும்போது பழைய டிவிப் பெட்டியைக் கொண்டாந்து, 'மதினி, இங்க இடம் கிடக்கே, ரெண்டு நாள் இருக்கட்டும்'னு இறக்கினாரு. அப்புறம் அது மேல காய்ஞ்ச துணியைப் போட்டேன். துணிக்குப் பக்கத்துல அரிசி மூட்டை..."

தொபியா யார் என்று கேட்டீர்களானால், கொழுந்தனார்தான்! நல்ல மனுஷர், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இடம் கிடந்தது, வைத்தார். யாராய் இருந்தாலும் வைத்திருப்பார்கள். வேலையில்லாமல் கிடக்கிற மூலை எல்லாருக்கும் பொது இடம்.

ஆகவே முழு வீட்டையும் மறுபடி இறக்கவில்லை. அந்த ஒரு மூலையை மாத்திரம் ஒரு பிற்பகலில் காலி செய்தோம். கொழுந்தனாருக்குப் போன் போட்டு டிவியை எடுத்துப்போகச் சொன்னோம். (2006-லிருந்து அரசு இலவசமாய்க் கொடுத்த கலர் டிவி அது. எத்தனை பரண்களில் இன்னும் இருக்கிறது! அந்த வகை டிவியின் கண்ணாடிக் குழாயில் ஈயம் உண்டு. உடைத்துக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் முழுசாய்க் கொடுக்கவேண்டும்.) பிறகு அந்த மூலைக்கு ஒரு வேலை கொடுத்தோம். சின்ன மேஜை ஒன்று, மேலே ஒரு பல்பு, சுவரில் பள்ளிக்கூடப் பைகளுக்கு இரண்டு ஆணி, பக்கத்தில் சுருட்டி நிறுத்தின ஜமுக்காளம். அன்று சாயங்காலமே பையன்கள் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். ஜெபக்கூட்டத்துக்கு மேஜையை நகர்த்திவிட்டு ஜமுக்காளத்தை விரித்தால் போதும்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. வீட்டின் மற்ற இடங்கள் ஏறியும் இறங்கியும்தான் இருக்கின்றன. அந்த மூலை மாத்திரம் நிரம்பவே இல்லை. யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால் பெரியவன் விடமாட்டேன் என்கிறான்: "இது நான் படிக்கிற இடம்."

உங்கள் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். எந்த இடம் அடிக்கடி நிரம்புகிறது? பீரோவின் மேல்தட்டு, சாப்பாட்டு மேஜையின் சுவரோரம், மாடிப்படியின் கீழ், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு. ஒவ்வொன்றையும் கேளுங்கள்: "உனக்கு என்ன வேலை?" பதில் இல்லாத இடம்தான் மறுபடி நிரம்பும். வேலை கொடுக்க முடியாத இடமானால் அந்த இடமே இல்லாதபடி செய்துவிடலாம். பீரோ மேல் பெட்டிகள் ஏறுகிறதா? பீரோவை நகர்த்தி, ஓட்டை மேஜையை அகற்றி, தட்டைக் கழற்றி... தச்சரைக் கூப்பிட்டு இரண்டு தட்டைக் கழற்றினதாலேயே சுத்தமான வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தட்டு கூடினால் சாமான் கூடும்.

வாசலில் ஆள் நிறுத்துங்கள்

வீட்டிலிருந்து வெளியே போவது வருஷத்துக்கு ஒரு தடவை. உள்ளே வருவது தினமும். இந்தக் கணக்கு எப்படி நேராகும்?

என்னென்ன வருகிறது பாருங்கள். கல்யாண வீட்டுப் பை, அதற்குள் ஒரு எவர்சில்வர் டப்பா. துணிக்கடைக் கட்டைப்பை. ஆன்லைனில் வாங்கின ஒரு சீப்புக்கு ஒரு அட்டைப்பெட்டி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த பிளாஸ்டிக் குடம். 2011 முதல் அரசு கொடுத்த மிக்சியும் கிரைண்டரும், ஏற்கெனவே ஒன்று இருந்தபடியால் பெட்டி பிரிக்காமலே பரணில். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. நல்லதுதான். ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்த கவர் மூட்டை போய் இப்போது துணிப்பை மூட்டை தொங்குகிறது! ஆறு பை போதும். ஏழாவது வந்தால் காய்கறிக்காரம்மாவுக்குக் கொடுங்கள்.

நம்முடைய விசுவாசிகள் வீட்டில் இன்னொன்று உண்டு. சொன்னால் சிலருக்குச் சங்கடமாய் இருக்கும். வருஷப் பிறப்புக்கு ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு ஊழியமும் கொடுக்கிற வாக்குத்தத்தக் காலண்டர். ஒரு வீட்டில் பதினொரு காலண்டர் எண்ணினேன், அதில் நாலு போன வருஷத்தது. "வசனம் போட்டிருக்கே, எப்படி அக்கா தூக்கிப்போட?" வசனம் உங்கள் உள்ளத்திலும் வேதப்புத்தகத்திலும் பத்திரமாய் இருக்கிறது. தேதி முடிந்த அட்டை வெறும் அட்டைதான். பின்பக்கம் வெள்ளையாய் இருந்தால் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுங்கள். பழைய எழுப்புதல் பத்திரிகைகளும் அப்படித்தான். இந்தப் பத்திரிகையையும் சேர்த்தே சொல்கிறேன். படித்துவிட்டுப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள், கட்டிப் பரணில் ஏற்றாதிருங்கள்.

அட்டைப்பெட்டிகளை அன்றைக்கே பிரித்துத் தட்டையாக்கி வெளியே போடவேண்டும். பொருளைத் திருப்பி அனுப்பவேண்டி வரலாம் என்று தோன்றினால் அந்தக் கெடு முடிகிற தேதியைப் பெட்டியின்மேல் பெரிதாய் எழுதுங்கள். பில்லை வையுங்கள், பெட்டியை வைக்காதீர்கள். அட்டையின் நெளிவுகளுக்குள் கரப்பான் சுகமாய்க் குடியிருக்கும். நம் வீடுகளில் பறக்கிற பெரிய சிவப்புக் கரப்பான் ஒரு முட்டைக்கூட்டில் ஏறக்குறைய 15 முட்டை வைக்கிறது. ஒரு பெட்டியைப் பத்திரமாய் வைத்தால் எத்தனை விருந்தாளிகள்!

நான் செய்கிறது இது: வாசல் பக்கம் ஒரு சின்னக் கூடை. புதிதாய் வருகிற எதுவும், சாப்பாட்டுச் சாமான் தவிர, முதலில் அதில்தான் இறங்கும். ராத்திரி படுக்கும் முன்னே கூடையைப் பார்ப்பேன். இதற்கு வீட்டில் எந்த இடம் என்று சொல்ல முடிந்தால் அங்கே போகும். சொல்ல முடியாவிட்டால் மறுநாள் வெளியே. சேலையும் பாத்திரமும் ஒன்று வந்தால் ஒன்று போகும். போகிறதைக் கொடுக்கும்போது ஒரு தயவு. கிழிந்ததையும் நைந்ததையும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குக் கட்டி அனுப்பாதேயுங்கள். நீங்கள் உடுத்தமாட்டாததை அந்தப் பிள்ளை ஏன் உடுத்தவேண்டும்?

நாலு பேரின் பெயர்

13-ம் வசனத்தில் நெகேமியா பொறுப்பு வைத்தவர்களின் பேர்கள் இருக்கின்றன: செலேமியா, சாதோக்கு, பெதாயா, ஆனான். சகோதரர்களே, நாலு பேரும் ஆண்கள்! வீடு அலங்கோலமாய் இருந்தால் ஊர் யாரைச் சொல்லும்? பொம்பளையைத்தான் சொல்லும். சாமானை இறைக்கிறது ஐந்து பேர், பொறுக்குகிறது ஒருத்தி என்றால் எந்த ஒழுங்கும் நிற்காது.

"எல்லாரும் சேர்ந்து சுத்தமா வச்சுக்கணும்" என்று சொன்னால் யாரும் வைக்கமாட்டார்கள். இடத்துக்கு ஒரு பேர் வேண்டும். செருப்பு வைக்கிற இடம் சின்னவனுடையது. சாப்பாட்டு மேஜை மகளுடையது. பில்லும் மருந்துப்பெட்டியும் அப்பாவுடையது, தேதி முடிந்த மாத்திரையை எடுத்துப்போடுவதும் சேர்த்து. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரிய வேலை வேண்டாம், ஒரே ஒரு தட்டு கொடுங்கள், ஆனால் அது அவனுடையதாய் இருக்கட்டும். நீங்கள் பின்னாலேயே போய் மறுபடி அடுக்காதீர்கள்! கோணலாய் இருந்தாலும் விடுங்கள்.

நேரமும் அப்படியே. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் குடும்ப ஜெபத்துக்கும் நடுவே பதினைந்து நிமிஷம். எல்லாரும் எழுந்து அவரவர் இடத்தை நேராக்கவேண்டும், அவ்வளவுதான். பாத்திரம் தேய்த்து மேடை துடைத்துவிட்டால் காலையில் அடுப்படிக்குள் நுழையும்போதே பாதி பாரம் குறைந்திருக்கும். இது எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்று பலரும் சொல்லுவார்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு புதிய செய்கை யோசிக்காமலே வருகிற அளவுக்குப் படிய நடுவாய் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம், கணக்கில் 18 நாள் முதல் 254 நாள் வரை! எனக்கு அதில் பிடித்த செய்தி வேறொன்று. நடுவிலே ஒரு நாள் விட்டுப்போனது அவர்களுடைய பழக்கத்தைப் பெரிதாய்ப் பாதிக்கவில்லை. ஒரு நாள் கைவிட்டுவிட்டால் "எல்லாம் போச்சு" என்று வாரியலைத் தூக்கி மூலையில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மறுநாள் எடுங்கள்.

ஏழாம் நாள் திரும்ப வந்து பாருங்கள்

லேவியராகமம் 14-ல் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை கண்ட வீட்டுக்கு ஒரு பிரமாணம் உண்டு. ஆசாரியன் பார்க்க வருமுன் வீட்டைக் காலி செய்யவேண்டும். அவன் பார்த்துவிட்டு ஏழு நாள் அடைத்து வைப்பான். ஏழாம் நாள் திரும்ப வந்து பார்ப்பான். காலி செய்ததோடு அவன் வேலை முடிந்துவிடவில்லை என்பது மாத்திரம் இங்கே நமக்குப் போதும்.

வாரத்துக்கு ஒரு நாள், எங்கள் வீட்டில் சனிக்கிழமை, இரண்டு இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும். ஒன்று, பெரியவர்கள் ராத்திரியில் எழுந்து கழிப்பறைக்குப் போகிற வழி. பாய், ஒயர், வாளி, ஸ்டூல் ஒன்றும் குறுக்கே இருக்கக்கூடாது. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுந்து நடக்கிறது எத்தனை பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

மற்றொன்று மொட்டைமாடியும் கொல்லையும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்ததை எல்லாம் மாடியில் குவித்துவிட்டு "ஒதுங்க வச்சாச்சு" என்கிற வீடுகள் உண்டு. உடைந்த வாளி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, சிரட்டை. மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும். 2012-ல் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு கடுமையாய்ப் பரவினதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டோம். அந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஓரத்தில் முட்டையை ஒட்டி வைக்கும். முட்டை மாதக்கணக்காய்க் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீர் பட்டால் ஒரு வாரம் பத்து நாளுக்குள் கொசுவாய்ப் பறந்துவிடும். ஆகையால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பற்றாது, உள் ஓரத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கவேண்டும், அதுவும் வாரத்துக்கு ஒரு தடவையாவது. பிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டையும் பாருங்கள். அதில் தண்ணீர் நிற்கிறது என்றே பலருக்குத் தெரியாது.

கழிப்பறை கழுவும்போது ஒரு எச்சரிப்பு. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாய்க் கலக்கவே கூடாது. "ரெண்டும் சேர்ந்தா நல்லாப் போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதிலிருந்து குளோரின் என்னும் விஷவாயு கிளம்பும். சின்னக் கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. ஒன்றை உபயோகித்தால் நன்றாய்த் தண்ணீர் விட்டு அலசி, மற்றதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

முடியாதவர்கள்

பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்தில் இருக்கிற சகோதரி இதைப் படித்துவிட்டு வருத்தப்படவேண்டாம். வீட்டை ஒதுக்குவதைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகமெங்கும் பேர் பெற்ற ஜப்பானியப் பெண்மணி மாரி கொண்டோ, மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை அப்படி வைத்திருப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டதாக 2023 ஜனவரியில் சொன்னார். பிள்ளைகளோடு இருக்கிற நேரம்தான் இப்போது முக்கியம் என்றார். அந்த அம்மாவுக்கே அப்படி! அந்த நாட்களில் தரை ஈரமில்லாமல், பால் பாட்டில் சுத்தமாய், நடக்கிற வழி தடையில்லாமல் இருந்தால் போதும். மற்றதை அக்கம்பக்கத்துச் சகோதரிகள் வந்து செய்யலாமே?

இன்னொரு வகை உண்டு. எதையும், பழைய சீட்டையும் காலி டப்பாவையும்கூட, விடமுடியாமல் தவிக்கிறவர்கள். யாராவது எடுத்தால் உயிரே போவதுபோல் துடிப்பார்கள். படுக்கிற கட்டிலும் சமைக்கிற அடுப்பும் சாமானுக்குள் மறைந்துபோயிருக்கும். இது சோம்பல் அல்ல. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இதைத் தனி வியாதியாகவே எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் ஊருக்குப் போயிருக்கும்போது பிள்ளைகள் ரகசியமாய் வீட்டைக் காலி செய்தால் காயம் அதிகமாகும், வீடும் சீக்கிரத்தில் திரும்ப நிரம்பும். அவர்களுக்காக ஜெபியுங்கள், மனநல மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. புருஷனை அடக்கம்பண்ணி ஆறு மாதமான விதவையின் வீட்டில் அவருடைய சட்டைகள் கொடியில் தொங்குகிறதென்றால், அதில் வியாதியும் இல்லை, அலங்கோலமும் இல்லை. அதைத் தொடாதிருங்கள். அவர்களாகவே எடுத்து யாருக்காவது கொடுக்கிற நாள் வரும்.

கடைசியாக நம் சபைகளின் பின்னறையைப் பற்றி. ஆம், அதேதான்! கம்பி அறுந்த கிட்டார், விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போன வருஷம் செய்த தெர்மாகோல் பேழை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஆறு, எரியாத டியூப்லைட், யாரோ காணிக்கையாய்க் கொண்டுவந்து இறக்கின நனைந்த மெத்தை. எங்கள் சபையில் போன மாதம் அந்த அறையைக் காலி செய்தார்கள். பஸ்ஸில் வந்து முதல் ஆராதனைக்கும் இரண்டாம் ஆராதனைக்கும் நடுவே உட்கார இடமில்லாமல் நிற்கிற தாய்மார் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க அங்கே இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு ஒரு திரை போட்டாயிற்று. சாவி இரண்டு வாலிபத் தம்பிகளிடத்தில் இருக்கிறது. "ரெண்டு நாள் இருக்கட்டும்" என்று எதையாவது கொண்டுவருகிறவர்கள் அவர்களைக் கேட்டுத்தான் வைக்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரே ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியோடு வந்து நின்றார். தம்பிகள் சாவி கொடுக்கவில்லை.